கோமதியின் சாமந்திப் பாத்தி

ஜனவரி 24, சனி

பனி. கிணறு தெரியவில்லை. ராட்டினம் மட்டும் அந்தரத்தில். எழுந்ததும் பூனை விரட்டல்.

பின்னால் படித்தால் எனக்கே புரிய வேண்டும், அதனால் விவரம்: கிணற்றடியில் ஆறடிக்கு மூன்றடி சாமந்திப் பாத்தி. போட்டவள் தங்கை கோமதி. தலை தீபாவளிக்குக் கணவரோடு வந்தாள். அவர் வாலாஜாபாத் திரும்பினார். இவள் காய்ச்சல் என்று தங்கினாள். காய்ச்சல் போனது, இவள் போகவில்லை. பொங்கல் முடிந்ததும் அம்மா பேச்செடுத்தாள்.

"நான் வெச்ச செடியில மொதப் பூவ அம்மனுக்குச் சாத்துறதா வேண்டிக்கினேன்மா. சாத்திட்டுப் போறேன்."

வேண்டுதல் என்றபின் யார் என்ன சொல்ல முடியும்? வாலாஜாபாத்துக்கு அப்பா எழுதிவிட்டார். பூத்ததும் வருவாள் என்று.

பூனைகள் பூக்க விடவில்லை. தெருவிலேயே இளகிய மண் இது ஒன்றுதான். தோண்டுகின்றன, அசிங்கம் செய்கின்றன, பொறுப்பாக மூடுகின்றன. நாற்று வேரோடு வெளியே. அந்தப் பாத்திப் பூ அம்மனுக்கு ஆகாது என்கிறாள் அம்மா. மண்ணை மாற்றி மறுபடி நட வேண்டும். இதுவரை இரண்டு முறை.

அம்மா என்னிடம்: "எம்.ஏ. படிச்சிட்டு சும்மாதான குந்திக்கினு இருக்கிற. பூனையாவது வெரட்டேன்."

நியாயம்.

ஜனவரி 26, திங்கள்

விடுமுறை. தறிகளுக்கு இல்லை. சாயம் அலசிய தண்ணீர் வாய்க்காலில் இன்று ஊதா. அதைப் பார்த்தபடி அரைமணி நேரம் போனது. எங்கே போனது என்று தெரியவில்லை.

ஐந்து பூனைகளும் பக்கத்து வீட்டு மங்கம்மாவுடையவை. போய் முறையிட்டேன்.

"பூன இல்லாங்காட்டி எலி பாவு நூலக் கடிச்சிப் போட்டுடும்பா. கஞ்சி போட்ட பட்டு, அதுக்கு விருந்து. ஒரு பொடவ போச்சின்னா உன் சாமந்தி குடுக்குமா?"

"பகல்லயாவது கட்டி வையுங்களேன்."

"பூனயக் கட்டறதா! மெட்ராஸ்ல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள்.

செய்து பார்த்தவை:
ஆரஞ்சுத் தோல். முகர்ந்துவிட்டு அதன் மேலேயே படுத்தது.
காப்பித் தூள் சக்கை. பயனில்லை.
அறுந்த பட்டு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியது. என் புத்தி! காற்றில் நூல் அசைந்தது, குட்டிகள் விளையாட வந்துவிட்டன. சிவப்பு நூல், பச்சை நூல், நடுவே அந்தரத்தில் ஒரு சின்னப் பாதம். துரத்தத் தோன்றவில்லை. வெயில் சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

கருவேல முள். பாத்தி முழுக்கப் பரப்பி மூன்று நாள். ஒரு நாற்றும் சாயவில்லை. பூனைகள் சுவர்மேல் வரிசையாக, கண்ணை மூடிக்கொண்டு.

மதியத் தூக்கம். கனவில் பாத்தி நீண்டுகொண்டே போகிறது, தெருவில் பாவு நீட்டிக் கட்டியதுபோல. கோடியில் கோமதி. கூப்பிட்டேன். திரும்பவில்லை. விழித்தபோது தறிச் சத்தம், தலைக்குள்ளா வெளியேயா தெரியாமல்.

பிப்ரவரி 2, திங்கள்

மூலைச் செடியில் மொட்டு. மிளகளவு.

வெற்றிபெற்றவன்போல அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்பாவிடம். அப்பா காலண்டரைப் புரட்டினார். கோமதி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அப்டியாண்ணா" என்றாள். தேய்த்த சொம்பையே மறுபடி தேய்த்தாள்.

பிப்ரவரி 4, புதன்

மறுபடி தோண்டல். பாதி நாற்று போயிற்று. முள் சுவரோரம், ஒழுங்காக அடுக்கி. பூனை முள்ளை அடுக்காது.

மண்ணைக் கிளறினேன். கருவாட்டுத் தலை, இரண்டு. எங்கள் வீட்டில் கருவாடு வாங்குவதில்லை. மங்கம்மா வீட்டில் உண்டு.

மாலை, கிணற்றடியில் கோமதியிடம் கேட்டேன், நீதானா என்று. மறுக்கவில்லை.

"அவரு அடிக்கிறாரா?"

"சேச்சே."

"பின்ன?"

"ஒம்பது மாசத்துல அவரு என்னக் கேட்ட கேள்வி மூணுண்ணா. சோறு ஆச்சா. சட்ட எங்க. வெளக்க அணச்சிட்டியா." விரல்விட்டு எண்ணினாள். நாலாவது விரல் மடங்காமல் நின்றது. "இதப் போயி அம்மா கிட்ட எப்டிச் சொல்றது? சிரிப்பாங்க."

நான் சிரிக்கவில்லை. இருபது வருடத்தில் நான் அவளை என்ன கேட்டிருக்கிறேன்?

பிப்ரவரி 7, சனி

கட்சி மாறிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை.

சந்தையில் கருவாடு, காகிதத்தில் சுருட்டி. எல்லாரும் மூக்கைப் பொத்துவதாகப் பிரமை. மத்தியானம், அம்மா தூங்கும்போது, மறுபடி பரப்பியிருந்த முள்ளை எடுத்தேன். மூலையில் ஓர் உடைந்த கூடை கவிழ்ந்து கிடந்தது. அதையும் தூக்கி எறிந்தேன். கருவாட்டைப் பாத்தி முழுக்கப் புதைத்தேன். சுவரிலிருந்து ஐந்தும் இறங்கின, சத்தமில்லாமல், சொட்டுச் சொட்டாக. வெயிலில் அவற்றின் முதுகுகள் அலைபோல. எவ்வளவு அழகு.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒரு செடி மிச்சமில்லை.

விடிந்ததும் கோமதியின் குரல். பாத்தி நடுவே குந்தி அழுகிறாள்.

"கூடைய யாருண்ணா எடுத்தது?"

ஒவ்வொரு முறையும் கருவாடு வைக்குமுன் மூலைச் செடியைக் கூடையால் மூடிவிடுவாளாம்.

"அது ஒண்ணாவது பூக்கட்டும்னு இருந்தேன். யாருக்கும் காட்டாம ஒருவாட்டி பாத்துட்டு அம்மனுக்குக் குடுக்கலாம்னு."

நான்தான் என்றேன். உனக்காகத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

அம்மா வந்தாள். "இதுக்குப் போயி அழுவறியேடி. வேற நாத்து வாங்கிக்கலாம். இந்தவாட்டி நானே காவலு இருக்கிறேன்."

கோமதி எழுந்தாள். கையில் மண்.

"நாத்து வாணாம்மா. நான் அங்க போகல."

அம்மா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கதவருகில் அப்பா, விரலில் பல்பொடியோடு. எப்போதிலிருந்து நின்றாரோ.

"அப்ப வேண்டுதலும் பொய்யாம்மா?" என்றார் கோமதியிடம்.

"வேண்டுதல் நெசம்பா. போறேன்னதுதான் பொய்."

அப்பா வாய் கொப்பளித்தார். நெடுநேரம் கொப்பளித்தார்.

பிப்ரவரி 9, திங்கள்

பனி விலகவில்லை. அப்பா லீவ் லெட்டர் எழுதி, தாம் வேலைபார்க்கும் பள்ளிக்கூடத்தில் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார். எட்டு மணி வாலாஜாபாத் பஸ். அம்மா பழக்கதோஷத்தில் பழமும் வெற்றிலையும் பையில் வைத்தாள். அப்பா வெளியே எடுத்து வைத்தார்.

"மாப்பிள்ளையக் கையோட கூட்டிக்கினு வந்துடுவீங்கல்ல? சம்பந்தி வூட்டுக்கு வெறுங்கையோடவா?" அம்மாவுக்கு அதற்கே அழுகை.

பஸ் ஸ்டாண்டு வரை கூட நடந்தேன். பனியில் கோபுரம் பாதியில் நின்றது, மேலே ஒன்றுமில்லை.

"அவங்க கிட்ட இன்னா சொல்லப்போறீங்கப்பா?"

"பஸ்ஸு போயிச் சேர்றதுக்குள்ள யோசிக்கணும்."

ஜன்னலோரம் உட்கார்ந்தார். கீழே நின்று பார்த்தேன்.

கண்டக்டர்: "வாலாஜாபாத் எத்தினி சார்? போவ வர சேத்து வாங்கிக்கிறீங்களா?"

"போறதுக்கு ஒண்ணு," என்றார் அப்பா. "வர்றதுக்கும் ஒண்ணுதான்."