பெயர் தெரியாத ஆயா

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

கெர்லிங்கில் நம் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவை அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்களே, நேற்று அங்கே ஆவண அறைக்குப் போனேன். அம்மா துரையின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாளே, அந்த போட்டோ ஒரு பெட்டியில் இருந்தது. அடியில் குழந்தையின் பெயர் இருக்கிறது. நாயின் பெயர்கூட இருக்கிறது. அம்மாவுக்கு மட்டும் ‘ஆயா, பெயர் தெரியவில்லை’.

அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் கத்திவிட்டேன். அவள் அமைதியாக, பூர்த்தி செய்த ஒரு பாரத்தை எடுத்துக் காட்டினாள். “போட்டோ கொடுத்தவரே எழுதிக் கொடுத்ததுலா, ஆன்ட்டி.”

உன் கையெழுத்து. உறவு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறாய்.

வருஷா வருஷம் திதிக்கு ஐயரிடம் காத்தாயி என்று சொல்கிறாயே, அந்தப் பெயர் எழுதும்போது மட்டும் மறந்துவிட்டதா? அந்த பங்களாவில் அவள் பீத்துணி கசக்கித்தானடா நீ படித்து ராவாங்கில் ஆபீசர் ஆனாய்!

புதுப் பாரம் வாங்கி அம்மாவின் பெயரை எழுதினேன். பிள்ளைகள் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். “வேற யாரும் இருக்காங்களா, ஆன்ட்டி?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஒரு மகன் இருக்கிறான், பெயர் தெரியவில்லை என்றேன்.

அக்கா