செருப்புக்கு மேலே

மார்ச் 4
ஆஸ்பத்திரியின் காலணிப் பட்டறையில் இன்றும் பசை தீர்ந்துவிட்டது. மதியம் அந்த ஆறு வயதுக்காரி அம்மாவோடு வந்தாள். இடது கால் குட்டை. குதிகால் உயர்த்திய ஷூ தைக்க டாக்டர் சீட்டு. ஒரே வருடத்தில் மூன்றாவது. முதலில் அரை சென்டிமீட்டர், பிறகு ஒன்று, இப்போது ஒன்றரை. கால் வளரும், சரி. குறையும் கூடவா வளரும்?

பழைய ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தேன். இடது ஷூவின் நுனி தேய்ந்து ஓட்டை விழப்போகிறது. குதிகால் புத்தம் புதிது. குழந்தை குதிகாலை ஊன்றுவதே இல்லை. கோளாறு பாதத்தில் இல்லை, மேலே எங்கோ.

மார்ச் 5
டாக்டரிடமே போய்ச் சொன்னேன். "இடுப்பை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடலாமா சார்?"

பயிற்சி டாக்டர்கள் நாலு பேர், குழந்தையின் அம்மா, எல்லார் முன்னாலும் நீளமாக ஓர் ஆங்கில வார்த்தை சொன்னார். ஒரே சிரிப்பு. "நீங்க ஷூவைப் பாருங்கம்மா. காலை நான் பாத்துக்கறேன்."

சிரித்தவர்களில் ஒருத்தியை நிறுத்தி அந்த வார்த்தையை எழுதி வாங்கினேன். அல்ட்ராகிரெபிடேரியன்.

மார்ச் 6
தங்கை ஆங்கில டீச்சர். போனில் கேட்டேன். "தெரியாத விஷயத்துல மூக்கை நுழைக்கிற ஆளுன்னு அர்த்தம்க்கா. யாரைச் சொன்னாங்க?" யாரோ யாரையோ என்று மழுப்பினேன். அவளே அதன் பூர்வீகத்தையும் சொன்னாள். கேட்டதிலிருந்து உடம்பெல்லாம் எரிகிறது.

பழைய கிரேக்கத்தில் ஓர் ஓவியராம். படத்தை வெளியே வைத்துவிட்டு, போகிறவர்கள் பேசுவதைப் பின்னால் ஒளிந்து கேட்பாராம். செருப்புத் தைக்கிறவர் ஒருவர், படத்தில் செருப்பு சரியில்லை என்றார். ஓவியர் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டார். மறுநாள் அதே ஆள் காலிலும் குறை சொன்னதும் ஓவியருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது: செருப்புக்கு மேலே போகாதே! லத்தீனில் 'அல்ட்ரா' என்றால் அப்பால். 'கிரெபிடா' என்றால் செருப்பு. இருநூறு வருடத்துக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்தாளர் யாரோ ஒரு விமர்சகரைத் திட்டுவதற்காக இரண்டையும் ஒட்டி வார்த்தையாக்கிவிட்டார்.

ஏன்யா, அந்த ஆள் காலைப் பத்திச் சொன்னது சரியா, தப்பா? கதையில அது இல்லவே இல்லையே! இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் கேக்கத் தோணலையா?

மார்ச் 7
ஷூவைத் தொடவில்லை. தொடவும் மாட்டேன்.

மார்ச் 10
குழந்தையின் அம்மா வந்தாள். "ஷூ ரெடியாக்கா?"

"எக்ஸ்ரே எடுக்காம தைக்க மாட்டேன். வேணும்னா என் மேல புகார் குடும்மா."

அழுதுவிட்டாள். பயந்துபோனேன். நான் சொன்னது தப்பாக இருந்தால்? வேலை போவது கிடக்கட்டும், இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பழைய ஷூவை அவள் கையில் கொடுத்தேன். "இதை டாக்டர் மேசையிலயே கவுத்து வை. அவரே பாக்கட்டும்."

மார்ச் 13
எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். இடது தொடை எலும்பு இடுப்புக் குழியில் உட்காரவே இல்லை, பிறந்ததிலிருந்தே. அடுத்த மாதம் ஆபரேஷன். அப்புறம் குதிகால் ஊன்றி நடந்துவிடுவாளாம்.

ஜெயித்த மாதிரியே இல்லை. முதல் இரண்டு ஜோடியையும் தைத்தது நான்தானே? அப்போது ஏன் கவிழ்த்துப் பார்க்கவில்லை?

மார்ச் 19
டாக்டர் முதன்முறையாகப் பட்டறைக்கு இறங்கி வந்தார். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் இல்லை. தன் ஷூ இரண்டையும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "இதையும் கொஞ்சம் பாருங்கம்மா," என்றார்.

வலது ஷூவின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. "முதுகு எவ்வளவு நாளா வலிக்குது?" என்றேன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.