குடலின் மற்றப் பக்கம்

வெள்ளவத்தை ஸ்டேஷன் பக்கம் இன்று மாங்காய் அச்சாறு வாங்கினேன். மிளகாயும் வினாகிரியும் மூக்கில் ஏறியதும் உன் நினைவுதான் வந்தது. ஒப்பரேஷன் தியேட்டர் வேலை முடிந்தால் உனக்குச் சோறு வேண்டாம், இதுதான் வேண்டும். வயிற்றைத் தைக்கிற டொக்டர் தன் வயிற்றைக் கெடுக்கலாமா என்று நான் ஏசுவேன்.

கொட்டாஞ்சேனை மீன்கடைக்காரரை நினைவிருக்கிறதா? ஈரத் தரையில் வழுக்கி விழுந்ததில் கையிலிருந்த கத்தி அவருடைய வயிற்றிலேயே ஏறியிருந்தது. தொப்புளுக்கு இடப்பக்கம் சின்ன வெட்டு. பிரஷர் சரி, நாடி சரி, ஸ்கேனிலும் பெரிதாக ஒன்றுமில்லை. மயக்க மருந்து கொடுக்க நான் ஆயத்தமாக நின்றேன். நீ உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கி, வயிற்றை மெல்ல அமர்த்திப் பார்த்தாய்.

"மெத்தெண்டு இருக்குதடி. இப்ப வெட்டத் தேவையில்லை. பாத்துக்கொண்டிருப்பம்."

அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. "கத்தி உள்ளுக்குப் போயிருக்கு டொக்டர். சும்மா பாத்துக்கொண்டா இருக்கப் போறீங்க?"

"சும்மா இல்லை அக்கா. நானே வந்து வந்து பாப்பன்."

சொன்னபடியே வந்தாய். வேறு யாரையும் அனுப்பவில்லை. பின்னேரம் அவருக்கு நாடி வேகமெடுத்தது. காயத்திலிருந்து தள்ளித் தொட்டாலும் முகம் சுளித்தார். வயிறு இறுகியிருந்தது. காலையில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நீ நிற்கவில்லை. "இனி வெட்டத்தான் வேணும்" என்று மனைவியிடம் நேரே சொன்னாய்.

சிறுகுடலில் ஓட்டை உடனே தெரிந்தது. தைத்தாய். மூடப்போகிறாய் என்று நினைத்தேன். நீயோ குடலைத் தொடக்கத்திலிருந்து விரல்களுக்கிடையில் நகர்த்தத் தொடங்கினாய். பிரஷர் இறங்கிக்கொண்டிருந்தது.

"கெதியா முடியடி" என்று அவசரப்படுத்தினேன்.

"கத்தி போன வழி இருக்கு. வெளியில வந்த வழியைக் காணேல்லை. கொஞ்சம் பிடிச்சு வை."

இரத்தம் ஏற்றிப் பிரஷரைப் பிடித்து வைத்தேன். குடலின் மற்றப் பக்கத்தில், கொழுப்பு மடிப்புக்குள் இரண்டாவது ஓட்டை ஒளிந்திருந்தது. அதை விட்டிருந்தால் அவர் தப்பியிருக்க மாட்டார்.

வீட்டுக்குப் போகிற நாளில் உனக்குப் பாரை மீன் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். "மீன் வேண்டாம், கத்தியை மட்டும் கவனமாப் பிடியுங்கோ, எனக்கு அது காணும்" என்றாய். அவர் மனைவி அன்றுதான் முதல்முறை சிரித்தார்.

போன மழைக்காலத்தில் நோய் உன்னைக் கொண்டுபோனது. பொரளை மயானத்தில் உன்னை விட்டுவிட்டு வந்த பிறகு தியேட்டருக்குள் நுழையவே மனம் வரவில்லை. இப்போது அப்படியில்லை. உன் இடத்துக்கு வந்திருக்கும் சேர்ஜன் நல்ல கைக்காரன். அவன் தைத்துவிட்டு நிமிரும்போது, "மற்றப் பக்கமும் பாத்திட்டீங்களா?" என்று தலைமாட்டிலிருந்து கேட்கிறேன். அவன் சலித்துக்கொள்வதில்லை, மறுபடி குனிகிறான். பார்த்து முடிக்கும்வரை நான் பிரஷரைப் பிடித்து வைத்திருக்கிறேன்.