ஏழாம் கூண்டும் எட்டாம் கூண்டும்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தைக் கேட்டால் ஆய்வுக்கூடத்து எலிகளின் சுகத்தை எழுதுகிறாய்! வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வாயில்லாத ஜீவனுக்கு ஊட்டுவது பாவமில்லையா? அந்தப் பன்னிரண்டு எலிகளின் அடையாளத்தையும் எழுது. ஆள் தெரியாமல் சாமியிடம் எப்படி வேண்டிக்கொள்வது?

உன் அக்கா

ஜூன் 8

அன்புள்ள அக்கா,

பட்டியல் உள்ளே. ஏழுக்கு இடது காது கிழிசல், எட்டுக்கு முதுகில் பழுப்புத் திட்டு. ஒற்றைப்படைக்கு மருந்து, இரட்டைப்படைக்கு வெறும் எண்ணெய். ஒரே தடவை, கொஞ்சம்தான். நரம்பு தசையிடம் "சுருங்கு" என்றதும் அந்தச் செய்தியைத் துடைக்க ஒரு நொதி உண்டு. மருந்து அதன் கையைக் கட்டிவிடும். செய்தி ஓயாது, எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும். எவ்வளவு தாங்கும் என்று தெரிந்தால்தானே மருந்தடிக்கிற மனுஷனைக் காப்பாற்றலாம்?

தம்பி

ஜூன் 12

தம்பி,

புரிந்தது. விஷயம் முடிந்தும் போனை வைக்காத நம் பெரியப்பா மாதிரி. சரி, செய். நான் வேண்டிக்கொள்கிறேன்.

அக்கா

ஜூன் 16

அக்கா,

மோசம் போனேன். நேற்றுக் காலை மருந்து கொடுத்தோம். பிறகு கூண்டுகளைக் கழுவி வைத்தேன். மதியம் பார்த்தால், எண்ணெய் குடித்த எட்டு நடுங்குகிறது. மருந்து குடித்த ஏழு, முதுகுத் திட்டைக் காட்டிக்கொண்டு சக்கரத்தில் ஓடுகிறது! இரத்தத்திலும் எட்டுக்குத்தான் நொதி குறைவு. நடுக்கம் இன்று நின்றுவிட்டது. ஆனால் ஆய்வை நடத்தும் டாக்டரம்மா, "எல்லாம் வீண். புதுசா பன்னிரண்டு எலி வரவழை"ங்கிறாங்க.

தம்பி

ஜூன் 19

தம்பி,

திட்டு எட்டுக்கல்லவா? தினமும் உன் பட்டியலைப் பார்த்துத்தானே வேண்டிக்கொள்கிறேன்! கழுவியபின் எண் அட்டையை மாற்றி மாட்டினாயா? காதைப் போய்ப் பார். தப்பு உன்னுடையது என்றால் மறைக்காதே. வேலை போனால் போகட்டும், இன்னொரு தட்டு வைக்க எனக்குக் கை வலிக்காது. உன் கூச்சத்துக்காக இன்னும் பன்னிரண்டு உயிர் வர வேண்டாம்.

அக்கா

ஜூன் 23

அன்புள்ள அக்கா,

காது, திட்டு, முதல்நாள் பதிவேடு, எல்லாம் உன் கட்சி. அட்டையை மாற்றியது நானேதான். கால் நடுங்கப் போய்ச் சொன்னேன், மருந்தே தேவைப்படவில்லை.

"கண்ண எங்கய்யா வச்சிருந்தே?" என்று டாக்டரம்மா கத்தினார். தவற்றை என் கையாலேயே பதிவேட்டில் எழுதவைத்தார். புது எலிக்கான கடிதத்தைக் கிழித்துப் போட்டார். வேலை தப்பியது.

"கண்டுபிடிச்சது யாரு?"

"எங்க அக்கா. வீட்டைப் பாத்துக்கிறாங்க."

"என்ன படிச்சிருக்காங்க?"

"பள்ளிக்கூடம் அஞ்சாவது வரைக்கும். மிச்சம் அவங்களா படிச்சது."

"அதான் ஒழுங்கா படிச்சிருக்காங்க," என்றார்.

உன் தம்பி