யோபு உரையின் கடைசித் தாள்

ஜெருசலேம், 24 மார்ச் 1958
பஸ்கா பண்டிகைக்கு முன் வீடு தலைகீழாகக் கிடக்கிறது. புத்தகங்கள் என் பொறுப்பு. ஒவ்வொன்றையும் கவிழ்த்து உதறி, ரொட்டித் துகள் இல்லாமல் பார்க்க வேண்டும்; பண்டிகையில் புளித்த மாவு எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. கிழிந்த புனித நூல்களைத் தனியே சாக்கில் கட்டி, ஜெப ஆலயத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். அவற்றை எறியவோ எரிக்கவோ கூடாது என்பதால் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வார்கள். அம்மா பாராட்டினாள்.

26 மார்ச்
“மேசைக்குக் கீழ வெச்சிருந்த யோபு உரை எங்கேம்மா?” என்று அப்பா என்னிடம் கேட்டார்.

அட்டையில்லை, முதல் தாளில்லை, பூச்சி அரித்திருந்தது. கிழிசல் என்று நினைத்து நான்தான் சாக்கில் — பார்க்கலைப்பா என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

வேதத்தின் யோபு நூலுக்கு எழுதிய விளக்கம் அது, எதிர்வீட்டு ரெய்னா அத்தையுடையது. நானூறு வருடத்துக்கு முன் கிரீஸிலுள்ள சலோனிக்காவில் அச்சானது. இறந்துபோன அவள் கணவர் அந்த ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே பொருள். நூலகப் பிரதியைப் பார்த்து முதல் தாளை எழுதித் தரச் சொல்லி அப்பாவிடம் கொடுத்திருந்தாள்.

27 மார்ச்
ஓடினேன். சாக்கு இல்லை. ஆலயக் காவலர் மத்தித்யா சிரித்தார். “செவ்வாய்க்கிழமையே பொதைச்சாச்சு. ஏன், வீட்டுப்பாடமும் சேர்ந்து போயிடுச்சா?”

தோண்டி எடுக்கலாமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

“அடக்கம் பண்ணினதை யாராவது தோண்டுவாங்களா?”

30 மார்ச்
நேற்று ஓய்வுநாள், எழுதக்கூடாது. பயப்படக்கூடாது என்று மட்டும் எங்கும் சொல்லியிருக்கவில்லை. ஆலய வாசலில் அத்தை அப்பாவிடம் புத்தகத்தைப் பற்றி விசாரித்தாள். பஸ்கா முடியட்டும் என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை. தெரிந்துவிட்டதோ?

31 மார்ச்
எதிரே அத்தை வருவதைப் பார்த்து வேறு சந்தில் திரும்பிவிட்டேன்.

1 ஏப்ரல்
அலமாரிக்குப் பின்னால் ஒரு தாள். யோபு உரையின் கடைசித் தாள்! உதறியபோது விழுந்திருக்கிறது. அச்சிட்டவர் பெயர், ஊர், வருடம் எல்லாம் அதில் இருக்கின்றன.

அதைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். தாளை வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “அவங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு.”

2 ஏப்ரல்
அத்தை பஸ்காவுக்காகப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். தேய்ப்பதை நிறுத்தவில்லை. எந்தக் கல்லறைத் தோட்டம் என்று மட்டும் கேட்டாள்.

“குன்று மேலயா? அங்கதானே அவரும் இருக்காரு.” இன்னொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, “மூக்குக்கண்ணாடி இங்கதான் கிடக்கு. எப்படிப் படிக்கப் போறாரோ, மனுஷன்.”

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரித்தாளா, அழுதாளா, எனக்குத் தெரியவில்லை.

13 ஏப்ரல்
பஸ்கா முடிந்தது. பள்ளி விட்டதும் அப்பாவுடன் நூலகம் போனேன். முதல் தாளோடு நிறுத்தப்போவதில்லை, முழுவதையும் நகல் எடுக்கப்போகிறேன். இன்று பதினொரு வரி. மை கொட்டியதால் இரண்டை மறுபடி எழுதினேன்.

கடைசித் தாளை மட்டும் எழுத வேண்டாம். அது அத்தையிடம் இருக்கிறது.