கையால் திருத்தவேண்டாம்

புதன்கிழமை, மன்னார்.

மீள்குடியேற்றப் பதிவு மென்பொருளின் இடைமுக நிரலை, அதாவது திரையில் தெரியும் படிவத்தின் நிரலை, ஒவ்வொரு பில்டின்போதும், அதாவது மென்பொருளைப் புதிதாகக் கட்டும் ஒவ்வொரு முறையும், நான் எழுதிய பிளகின் என்ற துணைநிரல், பெட்டிகளின் பட்டியல் உள்ள வரையறைக் கோப்பிலிருந்து புதிதாக எழுதும். அந்த நிரலில் கையால் சேர்த்தது எதுவும் நிலைக்காது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பிடத்துக்கான பெட்டியை, என்னோடு வேலைசெய்யும், தம்பியாக நான் நினைத்த ஜெகன், வரையறையில் சேர்க்காமல் நிரலிலேயே சேர்த்துவிட்டார். இன்றைய பில்டில் அது அழிந்தது. பெரியமடுவிலிருந்து, முகாமில் பிறந்த மகளோடு வந்த தாய் பதிய முடியாமல் திரும்பினார்.

பணிப்பாளர் காரணம் கேட்டார்.

"நான் போட்டனான் சேர். அண்ணையின்ர பிளகின்தான் திண்டிட்டுது," என்றார் ஜெகன். கந்தோரில் வேலைசெய்யும் எல்லோரும் சிரித்தார்கள்.

அறியாமல் செய்தார் என்று மனத்தைத் தேற்றப் பார்க்கிறேன். முடியவில்லை. அந்த நிரல் கோப்பின் முதல் வரி: 'தானாக உருவானது, கையால் திருத்தவேண்டாம்.' அதைத் தமிழில் எழுதித் தந்தவரே ஜெகன்தான்.