மூடியில் எழுதிய எண்கள்

உன் காரியம் முடிந்த மறுநாள், காவாந்தண்டலத்திலிருந்து உன் மகள் வந்து உன் ஆய்வகக் குறிப்பேட்டைக் கொடுத்தாள். பிரித்ததும் புளித்த ஈஸ்ட் வாடை. இத்தனை வருடம் வாடை நிற்காது. என் மூக்கையே சந்தேகித்தேன்.

அவள் உட்காரக்கூட இல்லை. "அம்மா பொய்யா எழுதுச்சின்னு காலேஜ்ல யாரோ சொன்னாங்களாமே, நெசமா அத்தை?" என்றாள். சொன்னவள் நான்தான் என்பது தெரிந்தே கேட்கிறாளா? முகத்தைப் பார்த்தேன்; பிடிபடவில்லை. "படிச்சிட்டுச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த நாளில் நாம் இருவரும் ஒரே ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவிகள். ஈஸ்ட் செல் தன் நொதிகளைப் பிரித்து, வாக்குவோல் என்கிற செரிக்கும் அறைக்கு எப்படி அனுப்புகிறது என்பது உன் ஆய்வு. "நொதி மேல விலாசம் ஒட்டிக்கினு கீதுடி, கான்வென்ட்டு. அத்தப் படிச்சிப் பையில போட்டு அனுப்ப ஒரு ஆள் கீறான். அவன் கெட்டுட்டா, உத்திரமேரூர் மூட்டைய செங்கல்பட்டு பஸ்ல ஏத்துன கதைதான். நொதி வெளிய போயிடும்" என்பாய். கான்வென்ட்டில் படித்ததால் உனக்கு நான் 'கான்வென்ட்டு'.

நொதி வெளியே கசிந்தால், தட்டில் வளரும் ஈஸ்ட்டின்மேல் பரப்பி எடுக்கும் தாளில் கறை தெரியும். ஒருநாள் நல்ல ஈஸ்ட்டின் தாளில் கறை. அனுப்பும் ஆள் கெட்டுப்போன, கோளாறான ஈஸ்ட்டின் தாள் சுத்தம். உன் கணிப்புக்கு நேர்மாறு. பட்டத்துக்காக நீ கொடுத்த ஆய்வேட்டில் அந்த நாளின் முடிவையே காணவில்லை. நீ அதை மறைத்துவிட்டாய் என்று பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். உன் பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. "நான் எதையும் மறைக்கலடி" என்று மட்டும் சொன்னாய். அதையும் நான் நம்பவில்லை.

குறிப்பேட்டில் அந்த நாள் இருக்கிறது. "எண்கள் மூடியில் மட்டும். இரண்டு தட்டையும் ஒன்றாகத் திறந்ததில் மூடிகள் மாறிவிட்டன. மறுபடி செய்ய வேண்டும்."

எந்தத் தட்டில் எந்த ஈஸ்ட் என்று காட்டும் எண்ணைத் தட்டின் அடியில் எழுதுவதுதான் முறை. அன்று எழுதியவள் நான். அடியில் எழுதினால் என் கையெழுத்தின் அழகு யார் கண்ணிலும் படாது என்று மூடியில் எழுதினேன். என் பெயரை நீ குறிக்கவில்லை. இரக்கமா, இளக்காரமா? நான்கு முறை படித்தும் தெரியவில்லை.

இன்று காலை உன் மகளை போனில் கூப்பிட்டு, தவறு என்னுடையது என்றேன். "செத்தவங்கள வுட்டுக் குடுக்கக் கூடாதுன்னு இப்பிடிச் சொல்றீங்களா அத்தை?" என்றாள்.

என் கணவர் போனபின் நான் தனியாள்; என் சொல்லைச் சந்தேகிக்க இந்த வீட்டில் ஆளில்லை. உண்மையைச் சொல்லியும் நம்பப்படாமல் நிற்பது எப்படி என்று இப்போதுதான் தெரிகிறது. நீ ஒரு வருடம் அப்படி நின்றாய். அப்போதும் தினமும் ஆய்வகத்தில் உன் மேசையைத் துடைக்கும்போது, என் மேசையையும் சேர்த்துத் துடைத்துவைத்தாய்.